விளிம்பில் ஒட்டிய டேப்

மரக்கடைக்காரர் தன் மகளை அக்காவின் தம்பிக்குக் கொடுக்கச் சம்மதித்ததும், போகிற போக்கில், "கல்யாணம் முடிஞ்சதும் என் கடை முகப்புலயே மாப்பிள்ளைக்குத் தனியா ஒரு பாலிஷ் கடை போட்டுத் தந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனதும், அக்கா அதற்குச் சிரித்துத் தலையாட்டியதும் ஒரே நாளில் நடந்தன. சம்மதம் அவள் காதில்தான் விழுந்தது. தனிக்கடை என்ற பேச்சு அடிவயிற்றில் விழுந்தது.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அது பொய். அவள் நன்றாகவே தூங்கினாள். யோசிக்க வேண்டியதைப் பகலிலேயே யோசித்து முடித்துவிடுகிற ரகம்.

தெருவில் அவளுக்கு 'டார்ச் அக்கா' என்று பேர். கார்களுக்குப் பாலிஷ் போட்டு, பெயின்ட்டின் மேல் பாதுகாப்புக்கு ஒரு பூச்சுப் பூசித் தருகிற கடை அவளுடையது. கையில் எப்போதும் ஒரு டார்ச். யார் எவ்வளவு ஆசையாகக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், "இங்க பாருங்க கீறல். இது துணி இழுத்த கோடு. இது தண்ணிக் கறை" என்று வெளிச்சம் அடித்துக் காட்டி, வந்தவர் முகம் தொங்கிய பிறகுதான் வேலை பேசுவாள். குறையைத் தேடித் தேடியே பழகிப்போன கண். மனிதர்களையும் அவள் அந்த டார்ச்சை அடித்துத்தான் பார்த்தாள்.

ஆனால் வாடிக்கையாளர்கள் அவள் பேச்சுக்காக வரவில்லை, தம்பியின் கைக்காக வந்தார்கள். மெஷினை அவன் பிடித்தால் கறுப்பு பெயின்ட்டில் மீசையை முறுக்கிக்கொள்ளலாம் என்று தெருவே சொல்லும். அவன் போய்விட்டால் கடையில் மிச்சமிருப்பது டார்ச்சும் அவளும், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பில் போடுகிற புருஷனும்தான். குழந்தை குட்டி கிடையாது. தம்பியைத்தான் பிள்ளையாக வளர்த்தாள். அதைச் சொல்லிக்காட்டாத நாளும் கிடையாது.

ஆகவே இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது. அவள் நிறுத்தியதாகவும் இருக்கக் கூடாது. இதுதான் அவள் பகலில் யோசித்து முடித்த விஷயம்.

ஒருநாள் காலையில் மரக்கடைக்காரர் புதுக் காரை மகளை ஓட்டச் சொல்லி, தான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஷோரூமிலிருந்து எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மையைப்போல் கறுப்பு. கழுவுகிற ஆட்களுக்கு விடுமுறை நாள் என்பதால் கடையில் வேறு யாரும் இல்லை. பட்டறையில் அந்த ஒரு கார்தான் நின்றது.

"புது வண்டிக்கு எதுக்கும்மா பாலிஷ்?" என்றார் மரக்கடைக்காரர். "புதுச் சட்டையை யாராச்சும் வெளுக்கப் போடுவாங்களா?"

டார்ச் அக்கா டார்ச்சைத் தட்டினாள். கதவின் மேல் வெளிச்சம் அடித்தாள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள் சுழன்றன.

"அட, இது என்னது?"

"ஷோரூம்ல கண்ட துணியைப் போட்டுத் துடைச்ச லட்சணம். இதுக்கு மேல பூச்சைப் பூசினா இந்தக் கோடெல்லாம் உள்ள மாட்டிக்கிட்டு அப்படியே நிக்கும். முதல்ல மெஷின் போட்டு இதை எடுக்கணும். அப்புறம்தான் பூச்சு."

"நீங்க சொன்னா சரிம்மா. எனக்கு மரத்துல கண்ணு. உங்களுக்கு இதுல கண்ணு." பெரிய மனது அவருக்கு. அவர் அப்படிப் பேசப் பேச அக்காவுக்கு எரிச்சல்தான் வந்தது. சண்டைக்காரராக இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

தம்பி காரைக் கழுவித் துடைத்து, விளிம்புகளுக்கெல்லாம் காகித டேப் ஒட்ட ஆரம்பித்தான். பானட் ஓரம், கதவு ஓரம், விளக்கைச் சுற்றி என்று ஒன்று விடாமல் ஒட்டினான். மரக்கடைக்காரரின் மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது எதுக்குங்க?"

"நடுவுல பெயின்ட் கனமா இருக்கும். ஓரத்துல மெலிசு. மெஷின் அங்க கொஞ்சம் அதிகமா நின்னுடுச்சுன்னா தீய்ஞ்சுடும். டேப் இருந்தா அடி அதுக்கு, பெயின்ட்டுக்கு இல்ல."

"நான் ஒண்ணு ஒட்டட்டுமா?"

"ஒட்டேன். நாளைக்கு நம்ம கடையில கூடமாட இருக்க வேண்டாமா?"

அவள் சிரித்துக்கொண்டே பானட்டின் வலது ஓரத்தில் ஒரு நீளத் துண்டை ஒட்டினாள். கொஞ்சம் கோணல். தம்பி அதை விரலால் அழுத்தி நேராக்கிவிட்டான். 'நம்ம கடை' என்ற சொல்லை அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். இதுவரைக்கும் அந்தச் சொல்லுக்கு இந்தக் கடை என்றுதான் அர்த்தம் இருந்தது.

மதியத்துக்குள் தம்பி பானட்டின் இடது பாதியை முடித்துவிட்டான். முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருந்தது. வலது பாதியைத் தொடுவதற்குள் மாடியிலிருந்து புருஷன், "சாப்பாடு ரெடி, எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டார்.

"நீங்க போய் உட்காருங்க" என்றாள் அக்கா. "டேங்க்ல தண்ணி இல்லை. மோட்டாரைப் போட்டுட்டு வந்துடறேன்."

அந்த மோட்டார் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அவள் அதைப் போட்டாள். ஷட்டரைப் பாதி இறக்கினாள். பெயின்ட்டில் கீறல் விழாமலிருக்க மோதிரத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். என்ன செய்தாலும் தொழில் சுத்தம் மட்டும் குறையாது. பிறகு, அந்தப் பெண் ஒட்டிய டேப்பின் முனையை நகத்தால் கிளப்பிப் பாதி உரித்தாள். தானாகவே பிசின் விட்டுத் தொங்குவதுபோல் சுருட்டிவிட்டாள். தம்பியின் மெஷினை எடுத்துச் சாய்த்து, அந்த வெறும் விளிம்பின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

ரொம்ப நேரம் தேவைப்படவில்லை. சூடான பிளாஸ்டிக் வாடை வந்தது. மெஷினை எடுத்தபோது கறுப்பு போய், அடியில் இருந்த சாம்பல் நிறம் விரல் நீளத்துக்குப் பல்லை இளித்தது.

அவள் திரும்பினாள். மாடிப்படியின் கடைசிப் படியில் புருஷன் நின்றுகொண்டிருந்தார். கையில் காலி ஜாடி.

எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. அந்த முகத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் இத்தனை வருஷமாக அவளுடைய குறை.

"தண்ணி எடுக்க வந்தேன்" என்றார். "சாப்பாடு ஆறுது."

ஜாடியை நிரப்பிக்கொண்டு மேலே போய்விட்டார். அவளும் மோதிரத்தை மாட்டிக்கொண்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு, கை கழுவிப் போய் உட்கார்ந்தாள். சம்பந்தி வீட்டோடு சிரிக்கச் சிரிக்கப் பேசி, இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்தப் பெண்ணின் தட்டில் தன் கையாலேயே அள்ளி வைத்து, "இவ்வளவுதான் சாப்பிடுவியா? எங்க வீட்டுக்கு வந்தா இதெல்லாம் நடக்காது" என்று செல்லமாக மிரட்டவும் செய்தாள். வேலியே பயிரை மேய்கிற காட்சியை நீங்கள் பார்த்ததில்லை என்றால் அன்றைக்கு அந்த மாடியில் பார்த்திருக்கலாம்.

சாப்பிட்டு இறங்கியதும் அவள்தான் டார்ச்சை எடுத்தாள்.

"மாப்பிள்ளை வேலையைப் பார்க்க வேண்டாமா நீங்க? வாங்க." இடது பக்கம் காட்டினாள். மரக்கடைக்காரர் குனிந்து தன் மீசையையே பார்த்துக்கொண்டார். வெளிச்சம் நிதானமாக வலது பக்கம் நகர்ந்தது. நின்றது.

"ஐயோ. என்னடா இது?"

தொங்குகிற டேப்பை அக்கா இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"இந்தப் பக்கம் டேப் ஒட்டினது யாரு?"

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் அண்ணி. சரியா ஒட்டலையோ என்னவோ."

தம்பி கிட்டே வந்து அந்த இடத்தைப் பார்த்தான். வலது பாதியில் அவன் இன்னும் மெஷினையே வைக்கவில்லை. அது அவனுக்குத் தெரியும். இந்தக் கடையில் மெஷின் பிடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்பதும் தெரியும். அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். படிக்கத் தெரிந்த ஒருவன் ஒரு வரியை நம்ப முடியாமல் மறுபடி படிக்கிற மாதிரி பார்த்தான். அக்கா டார்ச்சைத் தாழ்த்தவில்லை.

"அவ மேல தப்பில்லை" என்றான். "ஒட்டினதை நான் சரிபார்த்திருக்கணும். மெஷின் என்னோடது. தப்பும் என்னோடதுதான்."

அக்காவைக் காட்டிக்கொடுத்துப் பழக்கமில்லாதவன். அதையும் கணக்கில் வைத்துத்தான் அவள் இறங்கியிருந்தாள்.

அவள் கணக்கில் வராதது மரக்கடைக்காரர். மனிதர் குனிந்து அந்தச் சாம்பல் கோட்டை விரலால் தடவினார். பெருமூச்சு விட்டார். பிறகு தம்பியின் முதுகில் தட்டினார்.

"போகட்டும் மாப்பிள்ளை. நான் இழைக்கக் கொடுத்த தேக்குல எத்தனையைப் பயலுக குழி விழ இழைச்சிருக்கானுக தெரியுமா? வேலை செய்யற கைதான் தப்புப் பண்ணும். பெயின்ட்தானே, அடிச்சுக்கலாம். நீங்க மனசு விட்டுடாதீங்க."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். தம்பியும் அவளைப் பார்த்தான். ஒரு காரைக் கெடுத்து அந்த இரண்டு பேரையும் இன்னும் நெருக்கமாக்கிவிட்டோம் என்பது அக்காவுக்கு அப்போது உறைத்தது.

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். டார்ச் அக்கா விடுகிற ஜாதி இல்லை.

"உங்க நல்ல மனசுக்கு நான் மறைச்சா பாவம்" என்று ஆரம்பித்தாள். "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். பொண்ணைக் கொடுக்கப் போறீங்க. நாளைக்கு என்னைக் கேப்பீங்க."

"என்னம்மா?"

"இவனுக்கு வலிப்பு உண்டு."

தம்பி, "அக்கா" என்றான்.

"சின்ன வயசுல ஜுரத்துல ஆரம்பிச்சது. நான்தான் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன், கால்ல செருப்புகூட இருக்காது. போயிடுச்சுன்னு நினைச்சோம். போகலை. இப்பவும் திடீர்னு கை உதறும். கொஞ்ச நேரம் நினைவே இருக்காது. இன்னைக்கு மெஷின்ல கை வச்சப்போ என்ன ஆச்சோ." அவள் அழுதாள். கண்ணீர் நிஜமாகவே வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடியது நிஜம், செருப்பில்லாதது நிஜம். பொய்யை இப்படி நிஜத்தோடு பிசைந்து கொடுத்தால் யாருக்கும் தொண்டையில் சிக்காது.

"மாமா, அது அஞ்சு வயசுல வந்தது" என்றான் தம்பி. "அப்புறம் வந்ததே இல்லை. டாக்டரே சொல்லிட்டார்." சொல்லும்போதே அவன் கை நடுங்கியது. பயத்தில் இல்லை, கோபத்தில் நடுங்கியது. ஆனால் நடுக்கத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. மரக்கடைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தீய்ந்த விளிம்பைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார். அவர் மகளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

மரக்கடைக்காரர் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பினார். "நீங்க என்னங்க சொல்றீங்க? இது நிஜமா?"

புருஷன் எழுந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரின் வாயைப் பார்த்து அக்கா பயந்தது அதுதான் முதல் தடவை.

"வளர்த்தவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?" என்றார் அவர். உட்கார்ந்துவிட்டார்.

மரக்கடைக்காரர் மெல்லத் தலையாட்டினார். கோபப்படவில்லை. குரலில் இருந்த மரியாதை மட்டும் திடீரென்று அதிகமாகிவிட்டது.

"வேலை நடக்கட்டும் தம்பி. வண்டியை நாளைக்கு வந்து எடுத்துக்கறோம். மத்ததை வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றேன்." மாப்பிள்ளை என்ற வார்த்தை போய்விட்டது. மகள் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அப்பா அவள் முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

அக்கா சண்டைக்குத் தயாராக நின்றாள். கத்தினால் என்ன சொல்வது, அழுதால் என்ன சொல்வது என்று எல்லாம் கையில் இருந்தது. தம்பி கத்தவில்லை. தொங்கிய டேப்பை உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒட்டினான். மெஷினை எடுத்தான்.

"லைட்டைப் பிடிங்க" என்றான்.

அவள் பிடித்தாள். அந்தச் சாம்பல் கோட்டை விட்டுவிட்டு, மிச்சக் கார் முழுவதையும் அவன் முடித்தான். கோடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. பிறகு சின்னப் பாட்டிலிலிருந்து பூச்சைத் துணியில் சொட்டவிட்டு, குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம் தடவி, அது மேலே பனிபோல் பூத்து வரும் பதத்துக்குக் காத்திருந்து துடைத்தான். நேரம் தவறினால் திட்டுத் திட்டாக நின்றுவிடும் வேலை. ஒரு திட்டுக்கூட விழவில்லை. அவள் டார்ச்சை எங்கெங்கோ அடித்துப் பார்த்தாள். அவன் கையில் ஒரு குறையும் அகப்படவில்லை. இந்தக் கையைத்தான் நடுங்கும் என்று சொல்லியிருந்தாள்.

"ஏன்டா, ஒரு வார்த்தை பேசேன்" என்றாள், பின்பக்கக் கதவுக்கு வந்தபோது.

"லைட் இந்தப் பக்கம்."

சாயங்காலம் வேலை முடிந்தது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் படாமல் பூச்சு இறுக வேண்டும், அதனால் கார் பட்டறையிலேயே நின்றது. தம்பி கை கழுவிக்கொண்டு மாடிக்குப் போனான். அக்கா கண்ணாடி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"பார்த்தீங்களா?"

"என்னத்தை?"

"மதியம் நீங்க பார்த்தீங்களான்னு கேக்கறேன்."

புருஷன் பேனாவை மூடினார். "எனக்குக் கண்ணிருந்தும் குருடுன்னு நீதானே தெருவெல்லாம் சொல்வ. குருடன்கிட்ட வந்து பார்த்தியான்னு கேக்கற." குரலை உயர்த்தவே இல்லை. "கடை நிலைச்சுது. எனக்கு ஒரு டீ போட்டுக் கொண்டா. சர்க்கரை நிறையப் போடு."

டீ வேண்டுமென்றால் அவர்தான் போட்டுக் குடிப்பார், அவளுக்கும் சேர்த்து. அவள் அவரை முறைத்தாள். அவர் திரும்பப் பார்த்தார், இமைக்காமல் பார்த்தார். அவள்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினாள்.

கடை போன் அடித்தது. அவரே எடுத்தார். மரக்கடைக்காரரின் மகள் குரல் பக்கத்தில் நின்ற அக்காவுக்கும் கேட்டது.

"நாளைக்கு வண்டி எடுக்க அப்பா வரலை. நான் மட்டும் வர்றேன். அவர் போன் எடுக்க மாட்டேங்கறார். அவரை இருக்கச் சொல்லுங்க, நேர்ல ஒண்ணு கேக்கணும்."

அக்கா சைகையில், அவன் நாளைக்கு வெளிவேலைக்குப் போகிறான் என்று சொல்லச் சொன்னாள். புருஷன் அந்தச் சைகையை ஆற அமரப் பார்த்தார்.

"சரிம்மா" என்றார் போனில். "நான் பார்த்துக்கறேன்." வைத்துவிட்டார். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று அவள் கேட்டதற்கு, "டீ" என்றார்.

அவள் அடுப்படிக்குப் போகத் திரும்பியபோது தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்தான். தோளில் ஒரு பை. கையில் மாற்றுச் செருப்பு.

"எங்கடா கிளம்பிட்ட?"

"ரூம் பார்த்திருக்கேன்."

"ரூமா? நல்லாயிருக்கு கதை. வேலை?"

"வேலைக்கு வருவேன். வலிப்புக்காரன்னு பேர் எடுத்தாச்சு, வேற எவன் என் கையில மெஷினைக் கொடுப்பான்? இங்கதான் வந்தாகணும். வீட்டுக்குத்தான் வரமாட்டேன்."

அவளுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. கடைக்கு வருகிறான், அது போதும். அதற்குப் பிறகுதான் மிச்சம் காதில் ஏறியது.

"டேய். உன்னைத் தூக்கி வளர்த்தவடா நான்."

"ஆமாம். செருப்பு இல்லாம என்னைத் தூக்கிட்டு ஓடினதை நேத்துவரைக்கும் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன். அவகிட்டயும் அதைத்தான் முதல்ல சொன்னேன். அக்காவை விட்டுட்டு எப்படித் தனிக்கடை போடறது, வேண்டாம்னு அவ அப்பாகிட்ட இன்னைக்கு மாடியில சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டார். நீங்க அப்போ கீழ மோட்டார் போட்டுட்டிருந்தீங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

தம்பி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். ஷட்டருக்குக் கீழே குனிந்தவன், எதையோ மறந்தவன்போல் நின்று கேட்டான்.

"காலையில எத்தனை மணிக்கு வரணும், முதலாளியம்மா?"